ரெடிமேட் கேமிங் பிசி எந்தக் கம்பெனியில் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் சம்பளத்தில் வாங்குகிறவர், காலேஜ் போகும் பிள்ளைக்கு வாங்கித் தருகிறவர், பாகம் பாகமாக வாங்கி மாட்ட நேரமில்லாதவர் என எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய இவைதான். இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில் வாங்குகிறவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரிய தொகை போடுகிறீர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரெடிமேட் பிசி விற்பவர்கள் எத்தனை வகை?

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். டெல் (ஏலியன்வேர்), ஹெச்பி (ஓமென்), லெனோவோ (லீஜியன்), ஏசர் (பிரிடேட்டர்) மாதிரி பெரிய பிராண்டுகள் முதல் வகை. இரண்டாவது, பாகங்களை ஆன்லைனில் விற்று, கேட்டால் மாட்டியும் அனுப்பும் கடைகள். கொல்கத்தாவின் எம்டி கம்ப்யூட்டர்ஸ், வேதாந்த் கம்ப்யூட்டர்ஸ், மும்பையின் பிரைம் ஏபிஜிபி, சென்னையின் ஐடி டிப்போ எல்லாம் இதில் வரும். மூன்றாவது நம்ம ஊர்க் கடை, ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளும் சேர்த்துத்தான்.

எந்த வகையிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய பெயர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம், சின்னக் கடை என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம்.

நம்பகமான கம்பெனி என்று எதை வைத்துச் சொல்வது?

விற்பனைப் பட்டியலைப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான், பாதி நேரம் அதோடு முடிவு தெரிந்துவிடும். "16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ், 8 ஜிபி கிராபிக்ஸ்" என்று அளவை மட்டும் எழுதி, பெயரையும் மாடலையும் எழுதாத இடத்தில் கையில் கிடைத்ததை மாட்டித் தருவார்கள். ஒழுங்கான கடை மதர்போர்டின் முழு மாடல் பெயர், ராம் எந்தக் கம்பெனி, என்ன வேகம், ஒரு ஸ்டிக்கா இரண்டா, எஸ்எஸ்டி மாடல், எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) மாடல், கூலர், கேபினட் என எல்லாவற்றையும் எழுதும். கேட்டால்தான் சொல்வார்கள் என்றாலும் பரவாயில்லை, கேட்டதும் தயங்காமல் எழுத்தில் கொடுக்க வேண்டும். "அதெல்லாம் நல்ல கம்பெனிதான் சார், நாங்க பார்த்துக்குவோம்" என்பது பதில் கிடையாது.

இரண்டாவது, பில். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகமும் தனி வரியாக, முடிந்தால் சீரியல் நம்பரோடு வர வேண்டும். "கேமிங் கம்ப்யூட்டர் – 1" என்று ஒற்றை வரியில் பில் போட்டால், இரண்டு வருஷம் கழித்து கிராபிக்ஸ் கார்டு போகும்போது அந்தக் கார்டை நீங்கள் எப்போது, யாரிடம் வாங்கினீர்கள் என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. (பெரிய பிராண்டுகளுக்கு இது பொருந்தாது, அங்கே மொத்த பிசிக்கும் ஒரே சீரியல் நம்பர், வாரண்டியும் அதன் பேரில்தான்.) கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. "பில் வேண்டாம்னா அதைக் கழிச்சுத் தர்றேன்" என்று சொல்லும் கடையில் நீங்கள் மிச்சம் பிடிப்பது பணம், விட்டுக்கொடுப்பது வாரண்டி. எனக்கு அது ஒருபோதும் சரியான பேரமாகத் தெரிந்ததில்லை.

மூன்றாவது, பழுது வந்தால் யார் கையில் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு நேரான பதில். இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

25,000 ரூபாய்க்கு "ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ் கேமிங் பிசி" விளம்பரம் பார்த்தேன், வாங்கலாமா?

வேண்டாம். ஐ7 என்றால் எந்தத் தலைமுறை ஐ7 என்று கேளுங்கள். பெரும்பாலும் அது 2011இல் வந்த ஐ7-2600 ஆக இருக்கும், அல்லது அதற்கு அடுத்த வருஷத்து மாடல். ஆபீஸ்களில் கழித்துப் போட்ட பிராசசரை, அதே காலத்து ஹெச்61 வகை மதர்போர்டில் மாட்டி, மூன்று கலர் ஃபேன் உள்ள புதுக் கண்ணாடி கேபினட்டில் வைத்து விற்பார்கள். 4 ஜிபி கிராபிக்ஸ் என்பது பல நேரம் ஜிடி 730, அதுவும் 2014இல் வந்த அடிமட்டக் கார்டு. நினைவகம் 4 ஜிபி இருந்தாலும் இன்றைய கேம்களை ஓட்டும் தெம்பு அதற்குக் கிடையாது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை ஏற்காது. வாலரன்ட் கேமை விளையாட விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும், அந்தப் பழைய போர்டுகளில் டிபிஎம் 2.0 கிடையாது. பையன் வாலரன்ட் ஆடத்தான் பிசி கேட்டான் என்றால், வாங்கிய அன்றே அது உதவாது.

புதுப் பாகங்களிலும் பெயர் வைத்து ஏமாறலாம். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3050 என்று மட்டும் எழுதியிருந்தால் 6 ஜிபியா 8 ஜிபியா என்று கேளுங்கள். நினைவகம் மட்டும்தான் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், 6 ஜிபி கார்டில் கோர்களே குறைவு (2560க்குப் பதில் 2304), நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியிருக்கிறது. ஆர்எக்ஸ் 580 என்று வரும் மலிவுக் கார்டுகளில் பல "2048எஸ்பி" வகை, அது உண்மையில் ஆர்எக்ஸ் 570 அளவுக்கான சிப். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் வருகின்றன. இந்த வித்தியாசங்களைத் தானாக முன்வந்து சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

ரெடிமேட் பிசியில் காசு மிச்சம் பிடிக்க வசதியான இடம் அதுதான். விளம்பரத்தில் யாரும் பார்ப்பதில்லை, கேபினட்டுக்கு அடியில் மூடிக் கிடக்கும். ஆனால் அது மோசமாகப் போனால் தனியாகப் போகாது, மதர்போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

பெரிய பெயர் என்பதே போதாது என்பதற்கும் இது நல்ல உதாரணம். 2021இல் கிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரண்டு எஸ்எம்பிஎஸ் மாடல்கள் வெடித்துப் போவதாகப் புகார் வந்தது. கேமர்ஸ் நெக்சஸ் என்ற அமெரிக்க யூடியூப் சேனல் பல யூனிட்டுகளை வாங்கிச் சோதித்துக் காட்டியது. அதிக லோடு வந்தால் தானாக அணையும் பாதுகாப்பு அளவை 120–150 சதவீதத்திலிருந்து 110–120 சதவீதமாகக் கிகாபைட் குறைத்தது, குறிப்பிட்ட சீரியல் நம்பர்களை மாற்றித் தருவதாகவும் அறிவித்தது. அதனால் பிராண்டு பெயரோடு நிற்காமல் மாடல் வரை கேளுங்கள், அந்த மாடலுக்கு யாராவது பிரித்துச் சோதித்த விமர்சனம் இருக்கிறதா என்று தேடுங்கள். "80 பிளஸ்" முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும், பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பெரிய பிராண்டில் வாங்கினால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லைதானே?

சில தொல்லைகள் இல்லை. வீட்டுக்கே ஆள் வந்து சரிசெய்யும் ஆன்சைட் சர்வீஸ் அவர்களின் பெரிய பலம். தேனியிலோ தூத்துக்குடியிலோ இருக்கிறீர்கள், பக்கத்தில் நல்ல கடை இல்லை, திறந்து பார்க்கும் ஆர்வமும் இல்லை என்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே நான் பிராண்டட் பிசியைப் பரிந்துரைப்பேன். வாங்கும் முன் உங்கள் பின்கோடுக்கு ஆன்சைட் உண்டா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தொல்லை வருவது பின்னால் பாகம் மாற்றும்போது. 2021இல் ஏலியன்வேர் அரோரா ஆர்10 பிசியைப் பிரித்துப் பார்த்த விமர்சகர்கள் கடுமையாகக் குறைசொன்ன விஷயம் இது. மதர்போர்டும் கேபினட்டும் அவர்களுக்கே உரிய அமைப்பு, கடையில் கிடைக்கும் சாதாரண போர்டு அதில் உட்காராது. அந்த மாதிரி பிசியில் போர்டு போனால், வாரண்டி முடிந்தபின் அந்தக் கம்பெனி சொல்கிற விலைதான் விலை. எல்லா பிராண்டட் மாடலும் இப்படி இல்லை. "மதர்போர்டு சாதாரண ஏடிஎக்ஸ் அல்லது மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவா, எஸ்எம்பிஎஸ்ஸைக் கடையில் வாங்கி மாற்றலாமா" என்ற இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் பயமில்லாமல் வாங்கலாம்.

மூன்று வருஷ வாரண்டி என்கிறார்கள், அதில் என்ன பார்க்க வேண்டும்?

யாருடைய வாரண்டி என்று பாருங்கள். கடை தன் பொறுப்பில் மொத்த பிசிக்கும் தருவதா, அல்லது அந்தந்தப் பாகத்தின் கம்பெனி தருவதை எடுத்துச் சொல்கிறார்களா? இந்தியாவில் பெரும்பாலான கடைகள் சொல்வது இரண்டாவதைத்தான். தப்பில்லை, ஆனால் அப்போது எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பது யார் வேலை என்று கேட்டுவிடுங்கள். திரை அடிக்கடி கறுத்துப் போகிறது என்றால் அது கார்டாக இருக்கலாம், எஸ்எம்பிஎஸ்ஸாக இருக்கலாம், ராமாக இருக்கலாம். கடைக்காரர் அதைப் பார்த்துச் சொல்வாரா, "நீங்களே கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்பாரா? என்னைப் பொறுத்தவரை, ரெடிமேட் பிசிக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசே இந்த வேலைக்காகத்தான்.

எனக்குத் தெரிந்த திருச்சிப் பையன் ஒருவனுக்கு வெளியூர்க் கடை ஒன்று பிசி அனுப்பியது. நாலாவது மாசம் கார்டு போனது. கடை சர்வீஸ் சென்டரைக் காட்டியது, சர்வீஸ் சென்டர் சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டு இது இந்தியாவில் விற்க வந்த கார்டே இல்லை என்று திருப்பி அனுப்பியது. ஆகவே பிசி கைக்கு வந்ததும் கார்டு, மதர்போர்டு, எஸ்எஸ்டி சீரியல் நம்பர்களை அந்தந்தக் கம்பெனியின் தளத்தில் போட்டு இந்திய வாரண்டி காட்டுகிறதா என்று பாருங்கள். பாகங்களின் காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள்.

பிராசசர் பெட்டியோடு வந்ததா, டிரேயில் (தனிப் பெட்டி இல்லாமல் மொத்தமாக) வந்ததா என்பதும் முக்கியம். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் அதிக வோல்டேஜால் கேம் பாதியில் நின்றுபோகும் பிரச்சினை 2024இல் பெரிதானது. இன்டெல் அந்த வருஷம் ஆகஸ்டில் பெட்டியில் விற்ற அந்தப் பிராசசர்களுக்கு வாரண்டியை 3 வருஷத்திலிருந்து 5 வருஷமாக நீட்டியது. ரெடிமேட் பிசிக்குள்ளும் டிரேயாகவும் வந்தவற்றுக்கு, விற்றவரைக் கேளுங்கள் என்றது. ஆக, உங்கள் கடைக்காரர் நல்லவராக இருந்தால்தான் அந்தச் சலுகையின் பலன் உங்களுக்கு வரும். இந்தப் பிராசசர்களில் பிசி வாங்கினால் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுசாக ஏற்றிக் கொடுத்திருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள், ஏற்கெனவே பாதிப்படைந்த பிராசசரைப் பயாஸ் சரிசெய்யாது.

கூரியர் செலவு யாருடையது, கேபினட்டை நானே திறந்து ராம் சேர்த்தால் வாரண்டி போகுமா என்ற இரண்டையும் மெயிலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் ரேட்டிங்கை நம்பலாமா?

ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை டெலிவரி ஆன அன்று எழுதியவை, "பேக்கிங் சூப்பர், லைட் சூப்பர்" என்பதைத் தாண்டாது. ஒன்று, இரண்டு நட்சத்திரங்களில் ஆறு மாசம் கழித்துப் பழுதுக்காக அலைந்தவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறதா? கடை பதில் எழுதியிருக்கிறதா, அது ஒட்டிவைத்த பதிலா, குறிப்பிட்டுச் சொன்ன பதிலா?

ஸ்பான்சர் வாங்கிப் போடும் வீடியோவில் வரும் பிசி பார்த்துப் பார்த்து மாட்டியதாக இருக்கும். கேமர்ஸ் நெக்சஸ் தங்கள் பெயரைச் சொல்லாமல் காசு கொடுத்து வாங்கித்தான் ரெடிமேட் பிசிகளைச் சோதிக்கிறார்கள். நம்ம பக்கமும் அப்படிச் சொந்தக் காசில் வாங்கிக் காட்டுகிறவர்களுக்கே நான் காது கொடுப்பேன்.

குறையே வராத கம்பெனியைத் தேடினால் கிடைக்காது. என்இசட்எக்ஸ்டி ஹெச்1 என்ற கேபினட்டில் ஒரு ஸ்க்ரூ உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. முதலில் நைலான் ஸ்க்ரூ அனுப்பிச் சமாளிக்கப் பார்த்தார்கள், பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. பிறகு 2021 பிப்ரவரியில் முறையாகத் திரும்ப அழைத்து பாகத்தையே மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்த மாதிரி நேரத்தில் அது எவ்வளவு சீக்கிரம் உண்மையை ஒப்புக்கொண்டது என்று பாருங்கள்.

கம்பெனியே மூடிவிட்டால்?

நடக்கிற விஷயம்தான். அமெரிக்காவில் ஆர்ட்டீசியன் பில்ட்ஸ் என்ற கம்பெனி ஸ்ட்ரீமர்கள் மத்தியில் நல்ல பிரபலம். 2022 மார்ச்சில், ஒரு குலுக்கலில் ஜெயித்த சின்ன ஸ்ட்ரீமருக்குப் பின்தொடர்பவர்கள் போதாது என்று நேரலையிலேயே பரிசை மறுத்தார்கள், பெரிய எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களில் கம்பெனி இயங்குவதை நிறுத்தி திவாலானது. பணம் கட்டிவிட்டு பிசிக்குக் காத்திருந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

இங்கே புதுக் கம்பெனி ஒன்றில் வாங்குவதாக இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் அவர்களின் ஜிஎஸ்டி நம்பரைப் போட்டுத் தேடுங்கள், இலவசம்தான். 15 எழுத்துள்ள அந்த நம்பரில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாடு 33, மகாராஷ்டிரா 27, மேற்கு வங்கம் 19). ஆறாவது எழுத்து சி என்றால் பதிவுபெற்ற கம்பெனி, எஃப் என்றால் கூட்டு நிறுவனம், பி என்றால் தனி ஆளின் வியாபாரம். எப்போது பதிவு செய்தார்கள், பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். "பத்து வருஷமா ஃபீல்டுல இருக்கோம்" என்கிறவரின் பதிவு போன வருஷத்துத் தேதி என்றால் ஏன் என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் யாரோ ஒருவரின் சொந்த யுபிஐக்கு அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் பொருள் வராதபோது வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும்.

ராம் விலை ஏறியிருக்கும் நேரத்தில் ரெடிமேட் லாபமா?

2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கான தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது, கிருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் பழைய விலையில் வாங்கிய சரக்கு உள்ள கடையில் ரெடிமேட் பிசி மலிவாகக் கிடைக்கலாம். அதே நேரம் கடைகள் கை வைக்கும் இடமும் ராம்தான்: இரண்டு 8 ஜிபிக்குப் பதில் ஒற்றை 16 ஜிபி ஸ்டிக், அல்லது வெறும் 8 ஜிபி. ஒற்றை ஸ்டிக்கில் பல கேம்களில் வேகம் குறையும். எல்லாப் பாகங்களையும் தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். அதைவிட 5 முதல் 10 சதவீதம் கூடுதல் என்றால், மாட்டிச் சோதித்து, பழுதுக்குப் பொறுப்பும் ஏற்கிறவருக்கு நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

நோ காஸ்ட் இஎம்ஐ?

வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பெரும்பாலும் ஒரு பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில் வரும். ரொக்க விலை என்ன என்று தனியாகக் கேளுங்கள்.

விண்டோஸ் போட்டுத் தருகிறார்களே, ஒரிஜினலா?

பில்லில் தனி வரியாக விண்டோஸ் இல்லை என்றால் கிராக் செய்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிராக் செய்து தருவதைவிட "லைசென்ஸ் நீங்களே வாங்கிக்கோங்க" என்று சொல்லும் கடை மேல்.

பிசி வந்ததும் என்ன செய்வது?

பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள், நிறுத்தாமல், கூரியர் ஸ்டிக்கர் தெரிய. சுவிட்சைப் போடும் முன் பக்கக் கண்ணாடியைத் திறந்து பாருங்கள். வழியில் ஆடாமல் இருக்க உள்ளே பஞ்சோ காற்றுப் பையோ வைத்திருப்பார்கள், அதை எடுக்காமல் ஆன் செய்யக் கூடாது. கிராபிக்ஸ் கார்டு சாய்ந்திருக்கிறதா, மின் இணைப்பு முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கிராபிக்ஸ் கார்டில் சொருகுங்கள், இதில் தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் சிபியு-இசட், ஜிபியு-இசட் என்ற இரண்டு இலவச மென்பொருள்களை ஓட்டி, பில்லில் உள்ளதுதான் உள்ளே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ராம் வேகத்தையும் பாருங்கள். 6000 என்று விற்ற டிடிஆர்5 ராம் 4800இல் ஓடினால் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை ஆன் செய்யாமல் அனுப்பியிருக்கிறார்கள். சோதித்து அனுப்பினோம் என்று சொன்னது உண்மையா என்பது இதில் தெரிந்துவிடும். முதல் வாரத்தில் ஏசி போடாத அறையில், பட்டப்பகலில், நீங்கள் ஆடப்போகும் கேமையே இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். நம்ம ஊர் மே மாசத்தைத் தாங்காத கூலிங் என்றால் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் தெரிய வேண்டும்.

கடை போனை எடுக்கவில்லை, மெயிலுக்கும் பதிலில்லை. என்ன வழி?

போனில் கத்திப் பயனில்லை, எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். பிரச்சினை, தேதி, பில் நம்பர், என்ன வேண்டும் (பழுது நீக்கமா, மாற்றா, பணமா) என்று ஒரு மெயில், பதிலளிக்க ஒரு கெடு. அது தாண்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல கடைகள் அங்கிருந்து அழைப்பு போனதுமே இறங்கி வரும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை கொல்கத்தாவில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பணம் வாங்கிக்கொண்டு ஆளே மாயம் என்றால் அது மோசடி, உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கை மாறிக்கொண்டிருக்கும்.

வாங்கும் முன் கடைக்கு என்ன எழுதி அனுப்பலாம்?

இதை அப்படியே அனுப்புங்கள்:

"வணக்கம். உங்கள் கேமிங் பிசி வாங்க விரும்புகிறேன். ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரையும் அனுப்புங்கள், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, ராம் ஸ்டிக் எண்ணிக்கை உட்பட. எல்லாம் புதியதா, இந்திய வாரண்டி உள்ளதா? பிராசசர் பெட்டியா டிரேயா? பில்லில் பாகங்கள் சீரியல் நம்பரோடு தனித்தனியாக வருமா? பழுது வந்தால் எந்தப் பாகம் என்று நீங்கள் கண்டுபிடித்துத் தருவீர்களா, கூரியர் செலவு யாருடையது? நானே ராம் சேர்த்தால் வாரண்டி தொடருமா?"

இரண்டு மூன்று கடைக்கு ஒரே நாளில் அனுப்பி, வரும் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஐநூறு ரூபாய் கூடக் கேட்டாலும், எல்லாக் கேள்விக்கும் மாடல் பெயரோடு பதில் எழுதியவரிடம் வாங்குங்கள்.